ஊருக்குக் கண் உண்டா?

கேள்வி: மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள், 'மதுரை தூங்கா நகரம்' என்று படித்துவிட்டு, 'ஊருக்குக் கண் இருக்கிறதா?' என்று கேட்கிறாள். உவமை, உருவகம் ஆகியவற்றை அவளுக்கு எப்படி விளக்குவது?
– வாசகி, திருமங்கலம்

பதில்: இலக்கணப் பெயர்களை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள், பாடநூல் வரையறையைவிட அவள் கேள்வி மேலானது. நள்ளிரவிலும் இட்லிக் கொப்பரையில் ஆவி பறப்பதால், ஊரையே கண்விழித்திருக்கும் ஆளாகச் சொல்கிறோம் என்று கூறுங்கள். பிறகு, மதுரையைத் தாமரைப் பூவுக்கும், தெருக்களை இதழ்களுக்கும், கோயிலை நடுவிலுள்ள பொகுட்டுக்கும் (விதைகள் இருக்கும் நடுப்பகுதி) ஒப்பிடும் பரிபாடல் அடிகளைச் சொல்லி, மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக அமைந்த சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகளை அவளையே வரையச் செய்யுங்கள். 'பூவைப் போன்ற ஊர்' என்றால் உவமை. 'ஊர் என்னும் பூ' என்றால் உருவகம். 'அப்படியானால் ஊர் வாடுமா?' என்று கேட்பாள். எதில் ஒத்திருக்கிறது, எதில் ஒத்திருக்கவில்லை என்பதை அவளே சொல்லட்டும்.