தாமஸ் பிரவுன் என்ற பழைய ஆங்கில மருத்துவரின் நூல்களை இன்றைய மருத்துவ மாணவர் படிக்க வேண்டுமா?

படியுங்கள். பக்தராகி விடாதீர்கள்.

நீங்கள் எம்.பி.பி.எஸ். மாணவர், யாரோ பேராசிரியர் பிரவுனின் 'ரிலிஜியோ மெடிசி'யைப் படிக்கச் சொல்லியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். புகழ்பெற்ற கனடிய மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் கொண்டாடிய நூல் என்பதால் வழக்கமாக அதைத்தான் சொல்வார்கள். நான் மருத்துவன் இல்லை, மருந்தாளுநர். "உனக்கு என்ன தகுதி?" என்று வருகிறவர்களுக்கு: பிரவுன் 1637 முதல் 1682இல் சாகும்வரை வைத்தியம் பார்த்த இங்கிலாந்தின் நார்விச் நகரில்தான் எனக்கு வேலை. அவரை அடக்கம் செய்த தேவாலயம் சந்தையை ஒட்டியே இருக்கிறது. காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் கண்ணில் படும்.

'ரிலிஜியோ மெடிசி', ஒரு வைத்தியன் தன் மத நம்பிக்கையைப் பற்றி மனம் திறந்து எழுதியது. 1642இல் அவரைக் கேட்காமலே அச்சடித்து விற்றார்கள். மறு ஆண்டு அவரே திருத்திக் கொடுத்தார். எனக்குப் பிடித்தது அதுவல்ல, 1646இல் வந்த 'சூடோடாக்சியா எபிடெமிகா'. ஊரே நம்பிய பொய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துப் போடுகிறார். செத்த மீன்கொத்தியைக் கட்டித் தொங்கவிட்டால் காற்றடிக்கும் திசையைக் காட்டும் என்றார்கள். இவர் பட்டு நூலில் தொங்கவிட்டுப் பார்த்தார். இரண்டைத் தொங்கவிட்டால் ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்றன. தேரைக்கும் சிலந்திக்கும் ஜென்மப் பகை என்றார்கள். கண்ணாடிப் பாத்திரத்தில் ஒன்றாகப் போட்டார்; சிலந்திகள் தேரையின் தலைமேலேயே நடந்தன, தேரை சில மணி நேரத்தில் ஏழு சிலந்திகளை விழுங்கியது.

இந்த மீன்கொத்திக் கதையை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கருஞ்சீரகக் கஷாயம் குடித்தால் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று பெரியப்பா ஒரு செய்தி அனுப்பியிருந்தார். சோதித்துப் பார்க்காமல் நம்பாதீர்கள் என்பதற்காகத்தான் போட்டேன். அதற்குள் அவர் மருமகன், எம்.டி. முடித்தவர், பெரியப்பாவின் செய்திக்குக் கட்டைவிரலைத் தூக்கிவிட்டார். "டாக்டர் மாப்பிள்ளையே சரின்னுட்டார். நீ மருந்துக்கடையில இருக்கிறவன், சும்மா இருப்பா" என்றார் பெரியப்பா. சித்தி மாத்திரையை நிறுத்தினார். சர்க்கரை எகிறி ஆஸ்பத்திரியில் படுத்தார். மாப்பிள்ளையை இன்றுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. (மருந்தாளுநர் என்றால் மாத்திரை எண்ணிக் கொடுக்கிற ஆள் என்று நினைக்கும் சொந்தக்காரர்கள்தான், ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் போட்டு "இந்த மாத்திரையோட அந்த மாத்திரை சாப்பிடலாமா" என்றும் கேட்கிறார்கள். அது தனிப் புலம்பல்.)

பிரவுனும் ஒருமுறை அந்த மாப்பிள்ளை வேலையைச் செய்தார். 1662, இங்கிலாந்தின் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் நகரம். லோஸ்டாஃப்ட்டைச் சேர்ந்த ஏமி டென்னி, ரோஸ் கல்லெண்டர் என்ற இரு வயதான பெண்கள் குழந்தைகளுக்குச் சூனியம் வைத்ததாக வழக்கு. நீதிபதி மேத்யூ ஹேல். கருத்துக் கேட்கப்பட்டபோது, குழந்தைகளுக்குச் சூனியம் வைக்கப்பட்டிருக்கிறது என்றே பிரவுன் சொன்னார், டென்மார்க்கிலும் இப்படி நடந்ததாக உதாரணம் காட்டி. இருவரையும் தூக்கிலிட்டார்கள். அவர் பேச்சு மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மருத்துவர் வாயிலிருந்து வந்த பேச்சு அது.

"அந்தக் காலத்தில் எல்லோரும் நம்பினார்கள்" என்று பின்னூட்டத்தில் வருவீர்கள், தெரியும். அதே நீதிமன்றத்தில், குற்றம் சாட்டப்பட்டவர் தொட்டால் துடிக்கும் ஒரு சிறுமியின் கண்ணை மறைத்து, குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பதில் வேறொருவரைத் தொடவைத்தார்கள். அப்போதும் அவள் அதேபோலத்தான் துடித்தாள். பார்த்த கனவான்கள் சிலர் இது வெறும் நடிப்பு என்றே சொன்னார்கள். மீன்கொத்தியைத் தொங்கவிட்டவருக்கு இது தோன்றாமல் போனதுதான் எனக்கு ஆறவில்லை.

'சூடோடாக்சியா'வின் மூன்றாம் பகுதியிலிருந்து தொடங்குங்கள். முழுக்க விலங்குகள், யானைக்கு மூட்டே இல்லை என்ற பொய்யும் அங்கேதான் வருகிறது. காப்புரிமை காலாவதியானதால் இணையத்தில் இலவசம். 'ரிலிஜியோ மெடிசி' தேர்வு முடிந்தபின் போதும், வாக்கியங்கள் மூச்சு வாங்க வைக்கும். அந்தச் சூனிய வழக்கின் அறிக்கையும் 1682இல் சிறு நூலாக வந்தது. அதைக் கையோடு படித்துவிடுங்கள்.