மனு எழுத ஏஐ: கேட்டதும் சொன்னதும்

ஒரு எம்.எல்.ஏ. அலுவலகத்தில் ஒன்பது வருடம் மனு வாங்கிப் பிரித்து அனுப்பியவன் நான். கவுன்சிலர், எம்.எல்.ஏ., எம்.பி.க்கு ஏஐ வைத்து எழுதுவது பற்றிக் கேளுங்கள். கட்சி அரசியல் வேண்டாம்.

பொள்ளாச்சி இல்லத்தரசி: எங்கள் தெருவில் 20 நாளாகக் குடிநீர் இல்லை. சாட்ஜிபிடி இரண்டு பக்கம் எழுதித் தந்தது. எம்.எல்.ஏ.வுக்கு அப்படியே அனுப்பலாமா?

இரண்டு பக்கத்தையும் படித்தேன். "இக்கடிதம் தங்களை நலமுடன் கண்டடையும் என நம்புகிறேன்" என்று ஆரம்பிக்கிறது. எந்த ஊரில் அம்மா இப்படி எழுதுகிறார்கள்? அடுத்த பத்தி, நீர் உயிர்களின் ஆதாரம் என்கிறது. அது எம்.எல்.ஏ.வுக்கும் தெரியும். தெரியாதது எந்தத் தெரு, எந்தத் தேதியிலிருந்து, எத்தனை வீடு என்பதுதான். இரண்டு பக்கத்தில் அது மட்டும் இல்லை. நீங்கள் சொல்லவில்லை, அதனால் அதற்கும் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவிடம் புலம்புவது போல உங்கள் கதையைப் போனில் பேசிப் பதிவு செய்யுங்கள். அதை ஏஐயிடம் கொடுத்து, "பத்து வரியில் சுருக்கு, நான் சொல்லாத எதையும் சேர்க்காதே" என்று சொல்லுங்கள். இன்னொன்று: குடிநீர் நகராட்சி வேலை. எம்.எல்.ஏ.விடம் கொடுத்தாலும் அதன் மேல் ஒரு கவரிங் லெட்டர் வைத்து நகராட்சி ஆணையருக்குத்தான் அனுப்புவோம். அதனால் முதலில் அங்கே கொடுத்து ரசீது வாங்குங்கள். "இந்தத் தேதியில் கொடுத்தேன், ரசீது எண் இது, இன்னும் தண்ணீர் வரவில்லை" என்று எங்களிடம் வரும் மனுவுக்குத்தான் பி.ஏ. போனை எடுப்பார்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: வாய்க்கால் தூர்வார ஓர் அரசாணை எண்ணும் தேதியும் ஏஐ கொடுத்தது. மனுவில் சேர்க்கட்டுமா?

தேடிப் பார்த்தேன் ஐயா. அந்த எண்ணும் தேதியும் சேர்ந்து ஓர் அரசாணை வருகிறது, ஆனால் அது வேறு துறையில் யாருக்கோ பதவி உயர்வு கொடுத்த ஆணை. இப்படி ஒருவர் எங்களிடம் எழுதிக் கொடுத்தார். அதிகாரி "நகல் கொண்டு வாங்க" என்று சொல்லி மனுவை மூடி வைத்துவிட்டார். அரசாணை எண், சட்டப் பிரிவு, தேதி மூன்றையும் மூல ஆவணத்தில் உங்கள் கண்ணால் பார்க்காமல் எழுதாதீர்கள்.

ஆம்பூர், தோல் ஆலைத் தொழிலாளி: பி.எஃப். பணம் சிக்கலில் இருக்கிறது. எம்.பி.க்கு இங்கிலீஷில்தான் எழுத வேண்டுமா?

தமிழிலேயே எழுதுங்கள். ஆனால் பி.எஃப்., ரயில், தபால், தேசிய நெடுஞ்சாலை எல்லாம் மத்திய அரசு விவகாரம். உங்கள் கடிதம் எம்.பி. மேசையிலிருந்து மேலே போகும்போது ஆங்கிலப் பிரதி இருந்தால் வேலை மிச்சம். இங்கே ஏஐ உண்மையாகவே உதவும். மொழிபெயர்த்ததைத் திரும்பத் தமிழாக்கச் சொல்லி, நீங்கள் சொன்னதுதானா என்று பாருங்கள். நிலத் தகராறு என்றால் நத்தம், புறம்போக்கு மாதிரிச் சொற்களை அப்படியே விடச் சொல்லுங்கள்.

ஈரோடு: ஏஐ எழுதியதை அப்படியே அனுப்பலாமா?

பொள்ளாச்சிக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

நாகர்கோவில்: ஏஐ எழுதியது என்று கண்டுபிடித்துவிடுவார்களா?

2020இல் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 7,000க்கும் மேற்பட்ட மாநில சட்டமன்ற உறுப்பினர்களுக்கு மனிதர் எழுதிய மின்னஞ்சலும் இயந்திரம் எழுதியதும் கலந்து அனுப்பினார்கள். இரண்டுக்கும் வந்த பதில்களில் பெரிய வித்தியாசம் இல்லை. ஏஐ என்று யாரும் மனுவைக் கிழிக்க மாட்டார்கள். விவரம் இல்லாத மனுதான் அடியில் போகும்.

மதுரை, கல்லூரி மாணவர்: நாங்கள் 500 பேர். ஒரே கோரிக்கையை 500 நடையில் ஏஐ எழுதும். ஒரே நாளில் அனுப்பினால் எம்.எல்.ஏ. மிரள மாட்டாரா?

வேண்டாம் தம்பி. 2017இல் இணையச் சமநிலை, அதாவது எல்லா இணையதளத்தையும் ஒரே மாதிரி நடத்தும் விதி, பற்றி அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. மக்களிடம் கருத்துக் கேட்டபோது சுமார் 2.2 கோடி வந்தது. அதில் ஏறக்குறைய 1.8 கோடி போலி என்று நியூயார்க் அட்டர்னி ஜெனரல் 2021இல் அறிக்கை கொடுத்தார். 77 லட்சத்தை ஒரே ஒரு கல்லூரி மாணவர் அனுப்பியிருந்தார், வயது 19. நிஜமாக எழுதியவன் குரலும் அந்தக் குப்பையில் போனது.

அதே மாணவர்: நாங்கள் போலி இல்லையே! அதே இணையச் சமநிலைக்காக 2015இல் இங்கே டிராய்க்கு, அதான் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு, பத்து லட்சம் மெயில் போனதே, பலரும் அனுப்பியது ஒரே வாசகம்தானே? 2016 பிப்ரவரியில் ஜெயிக்கவில்லையா?

ஜெயித்தது, மறுக்கவில்லை. ஆனால் அது மாதிரிக் கடிதம் என்பது டிராய்க்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். ஒளிவுமறைவு இல்லை. நீங்கள் ஒரே கடிதத்துக்கு 500 வேஷம் கட்டப் பார்க்கிறீர்கள்.

சேலம், கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுபவர்: நானும் இருபது வருடமாக எல்லோருக்கும் ஒரே வாசகம்தான் எழுதுகிறேன். அதுவும் வேஷமா சார்?

மடக்கிவிட்டீர்கள் அம்மா. வாசகம் ஒன்றுதான். ஆனால் பேனா எடுக்கும் முன் "பட்டா யார் பேர்ல? போன மனு எப்போ குடுத்த?" என்று கேட்பீர்களே, இயந்திரம் பெரும்பாலும் அதைக் கேட்காமலேயே எழுத ஆரம்பித்துவிடுகிறது. "எழுதும் முன் என்னிடம் பத்துக் கேள்வி கேள்" என்று நாம்தான் சொல்ல வேண்டும். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் உங்கள் நாற்காலிக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை.

அதே மாணவர்: அப்போ நாங்கள் என்னதான் செய்வது?

ஒரே மனு, 500 கையெழுத்து, வீட்டு எண்ணோடு. எம்.எல்.ஏ. ஆபீஸில் அதை 500 ஓட்டாக எண்ணுவோம். மதுரை வெயிலில் வீடு வீடாக ஏற வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

விழுப்புரம்: ஆதார், ரேஷன் அட்டைப் படத்தை ஏஐயில் ஏற்றலாமா?

கூடாது. மனு எழுத அது தேவையே இல்லை.

திருச்சி: மனு கொடுத்து மூன்று மாதம் ஆகிறது, பதில் இல்லை.

மனு போய்ச் சேர்ந்த துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஆர்.டி.ஐ. போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள். "என் மனு எண் இன்னது, அதன் மீது எடுத்த நடவடிக்கையின் நகல் தரவும்" என்று கேளுங்கள். ஏஐ வரைந்து தரட்டும். பிரிவு எண்ணை மட்டும் நீங்களே பாருங்கள்.

கடலூர்: அரசாணை எண்ணை ஏஐயிடமே "சரியா" என்று கேட்டேன், சரி என்றது.

தஞ்சாவூர் ஐயாவிடமும் அப்படித்தான் சொன்னது.

கரூர்: மனுவின் கடைசியில் ஏஐ ஒரு கவிதை போட்டிருக்கிறது. இருக்கட்டுமா?

எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உங்கள் போன் நம்பரை எழுதுங்கள்.