டம்ளருக்குள் ஏறும் தண்ணீர்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்று காட்ட, தண்ணீர்த் தட்டில் எரியும் மெழுகுவர்த்தி மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்கிறேன். தண்ணீர் ஒரு நாள் கால் டம்ளர் ஏறுகிறது, இன்னொரு நாள் அதில் பாதிகூட இல்லை. சரியாக வர என்ன செய்யலாம்?
– அறிவியல் ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: ஐந்தில் ஒரு பங்கு வந்தாலும் அது தற்செயல்தான். சுடரின் சூட்டில் காற்று விரிந்து, கவிழ்க்கும்போதே கொஞ்சம் வெளியேறிவிடுகிறது. விளிம்பில் குமிழிகள் வருவதைக் கவனியுங்கள். சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜன் முழுதும் தீர்வதும் இல்லை. ஏறக்குறைய 16 சதவீதத்துக்குக் குறைந்தாலே சுடர் அணைந்துவிடும். தீர்ந்த ஆக்சிஜனின் கன அளவில் மூன்றில் இரண்டு பங்கு கார்பன் டை ஆக்சைடாகத் திரும்பியும் வருகிறது.

ஆனாலும் சோதனையைக் கைவிடாதீர்கள், கேள்வியை மாற்றுங்கள். தண்ணீர் ஏறுவது எரியும்போதா, அணைந்த பிறகா? மூன்று மெழுகுவர்த்தி வைத்தால் என்ன ஆகும்? கவிழ்க்கும் முன்பே ஒவ்வொருவரும் விடையை நோட்டில் எழுதட்டும். தண்ணீர் பெரும்பாலும் அணைந்த பிறகே ஏறும். மூன்று வைத்தால் இன்னும் உயரும். ஆக்சிஜன்தான் காரணம் என்றால் எத்தனை வைத்தாலும் ஒரே உயரம்தானே வர வேண்டும்? இந்த முரண்பாட்டைப் பிள்ளைகளே சொல்லும்வரை பொறுத்திருங்கள். அவசரப்பட்டு விளக்கிவிட்டால் வகுப்பின் பலன் போய்விடும்.

ஐந்தில் ஒரு பங்கைக் காட்ட இரும்பு துருப்பிடிப்பதே நல்ல வழி. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மெல்லிய ஸ்டீல் வுல் (இரும்பு இழைப் பஞ்சு) 1 கிராம் எடுத்து, ஒரு நிமிடம் வினிகரில் நனைத்துப் பிழியுங்கள். அதன் மேலுள்ள எண்ணெய் போகாவிட்டால் துரு ஏறாது. 15 செ.மீ. சோதனைக்குழாயின் அடியில் அதைத் தளர்வாகச் செருகி, தண்ணீரில் தலைகீழாக நிறுத்தி ஒரு நாள் விடுங்கள். தண்ணீர் ஏறக்குறைய 3 செ.மீ. ஏறி நிற்கும். பாத்திரம் தேய்க்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நார் இதற்கு உதவாது.

கேள்வி: ஆறாவது படிக்கும் மகள் 1/2 + 1/3 = 2/5 என்றே போடுகிறாள். எத்தனை முறை திருத்துவது?
– ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: திருத்தும் முன், “2/5 பாதியைவிடப் பெரியதா, சின்னதா?” என்று கேளுங்கள். பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதிக்கும் கீழே எப்படிப் போகும் என்று அவளே யோசிக்கட்டும். பிறகு 12 செ.மீ. நீளக் காகிதப் பட்டை வெட்டிக்கொடுங்கள். பாதி 6, மூன்றில் ஒரு பங்கு 4, சேர்த்தால் 10 செ.மீ. அதாவது 10/12, சுருக்கினால் 5/6. பகுதி எண்களைப் பொதுவாக்கும் முறையை அதற்குப் பிறகு சொல்லித்தந்தால் போதும்.

கேள்வி: 1 மீட்டர் தனி ஊசலில் 20 அலைவுகளை எண்ணுகிறார்கள். பல குழுக்களுக்கு புவியீர்ப்பு முடுக்கம் g, 9.8க்குப் பதில் 10.8 வருகிறது. ஸ்டாப்வாட்ச் பழுதா?
– இயற்பியல் ஆசிரியர், மதுரை

பதில்: எண்ணிக்கையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கடிகாரத்தை அழுத்தும்போதே “ஒன்று” என்று தொடங்கினால், “இருபது” என்னும்போது முடிந்திருப்பது 19 அலைவுகளே. 40 நொடிக்குப் பதில் 38 நொடி. g 11 சதவீதம் கூடி 10.8 ஆகிவிடும். இதையே 40 அலைவுகளுக்குச் செய்யச் சொல்லுங்கள். விடை 10.3க்கு இறங்கினால் பிழை எண்ணியதில், 10.8லேயே நின்றால் கடிகாரத்தைச் சோதியுங்கள்.

“மூன்று, இரண்டு, ஒன்று, சைபர்” என்று எண்ணி, சைபரில் கடிகாரத்தை அழுத்தப் பழக்குங்கள். அலைவின் ஓரத்தில் குண்டு தயங்கி நிற்பதால் நேரம் பிசகும். ஆகவே நடுவில் சாக்பீஸ் கோடு போட்டு, குண்டு அதைக் கடக்கும்போது அழுத்த வேண்டும். நூலின் நீளத்தைக் குண்டின் மையம்வரை அளக்கிறார்களா என்றும் பாருங்கள். 2 செ.மீ. விட்டமுள்ள குண்டின் மேல்விளிம்போடு நிறுத்தினால் g 1 சதவீதம் குறையும்.