காசு போனது, காற்று வரவில்லை

பழைய மோட்டார் சைக்கிள் பாகங்களில் துரு எடுக்க பிளாஸ்டிங் கேபினெட்டும் (காற்றோடு சிறு மணிகளை வீசிச் சுத்தம் செய்யும் பெட்டி) அதற்குக் காற்று தரும் கம்ப்ரசரும் வாங்கினேன். முதலில் நன்றாக வீசுகிறது, பிறகு வேகமே இல்லை. கம்ப்ரசரில் "200 லிட்டர்" என்று போட்டிருக்கிறது. கேபினெட் கோளாறா?
வாசகர், ஈசூன்

கேபினெட் மேல் பழி போடாதீர்கள். அந்த ஸ்டிக்கர்தான் உங்களை ஏமாற்றியது. இந்த விஷயத்தில் எனக்குத் தீராத கோபம் உண்டு. நிமிடத்துக்கு 200 லிட்டர் என்பது பிஸ்டன் உள்ளே இழுக்கும் காற்றின் கணக்கு. அழுத்தத்தோடு வெளியே வருவது ஏறக்குறைய அதில் மூன்றில் இரண்டு பங்குதான், அதாவது நிமிடத்துக்கு சுமார் நாலரை கன அடி. 3 மி.மீ. ஏர் ஜெட் (காற்று பாயும் துளை) உள்ள, மணிகளை உறிஞ்சி வீசும் துப்பாக்கியோ 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிமிடத்துக்கு 15 கன அடி கேட்கும். டேங்கில் சேர்ந்த காற்று தீரும்வரை வீசும், அப்புறம் படுத்துவிடும். ஜாலான் புசார் பக்கம் ஒரு கடையில் நானும் இப்படி ஒன்று வாங்கினேன். வெளிவரும் அளவு என்ன என்று கேட்டதற்கு, "எல்லாம் ஒண்ணுதான்" என்றார்கள். ஒன்றே அல்ல! அந்த அளவை 'எஃப்ஏடி' என்பார்கள். அதை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

இப்போதைக்குச் சிறிய ஜெட்டும் அதற்கேற்ற நாசிலும் (வீசும் முனை) மாட்டி, விட்டு விட்டு வேலை செய்யுங்கள். பெரிய துப்பாக்கி போட்டால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்: ஜெட் துளை 3 மி.மீ.யிலிருந்து 4 ஆனாலே காற்றுச் செலவு முக்கால் பங்கு கூடிவிடும்.

கட்டுமான மணல் மலிவாகக் கிடைக்கிறது. சலித்து கேபினெட்டில் போடலாமா?
வாசகர், சுங்கை காடுட்

கூடாது. மணலிலிருந்து வரும் சிலிக்கா தூசி நுரையீரலை அரிக்கும், போன நுரையீரல் திரும்பாது. பிரிட்டனில் தொழிற்சாலை பிளாஸ்டிங்கிற்கு மணலை 1949லேயே தடை செய்துவிட்டார்கள்.

கேபினெட்டில் போடும் கிளாஸ் பீட் (சிறு கண்ணாடி மணிகள்) கட்டி கட்டியாகி ஹோஸை அடைக்கிறது. விற்றவர் விலை கூடிய வேறு ரகம் வாங்கச் சொல்கிறார்.
வாசகர், காக்கி புக்கிட்

வாங்காதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றை அழுத்தினால் சூடாகும். ஆறும்போது தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர்தான் பீட்டைக் கட்டியாக்குகிறது. வேலை முடிந்ததும் டேங்கின் அடி வால்வைத் திறந்து வடியுங்கள். காற்றிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செபரேட்டரை கம்ப்ரசர் வாயிலேயே மாட்டியிருந்தால் அது வீண். காற்று ஆறிய பிறகு, கேபினெட் பக்கம் இருக்க வேண்டும். இருக்கிற பீட்டைக் காயவைத்துச் சலித்தாலே மறுபடியும் ஓடும்.

இணையத்தில் ஒரு தனி நபரிடம் 600 வெள்ளிக்குப் பழைய கேபினெட் வாங்கினேன். ஓட்டிப் பார்க்கவில்லை. கண்ணாடி மங்கல், கிளவுஸில் ஓட்டை. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?
வாசகர், உட்லண்ட்ஸ்

600 வெள்ளி கொடுக்கும்போது சுவிட்சைக்கூடத் தட்டிப் பார்க்காமல் எப்படி வாங்கினீர்கள்? குறையுள்ள பொருளுக்குக் கடையிடம் பரிகாரம் கேட்க உதவும் 'லெமன்' சட்டம், தனி நபர் விற்றதற்குப் பொருந்தாது. கண்ணாடியும் கிளவுஸும் தேயும் சாமான்கள், மாற்றிக்கொள்ளுங்கள். புதுக் கண்ணாடியின் உள்பக்கம் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டுங்கள்.

கடையில் 1,400 வெள்ளிக்கு வாங்கிய புது கேபினெட். இரண்டாம் மாதமே தூசி உறிஞ்சும் மோட்டார் நின்றுவிட்டது, கதவிடுக்கில் தூசி கொட்டுகிறது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லைக் காட்டுகிறார்கள். ஓய்வு பெற்றவன், சேமிப்புப் பணம்.
வாசகர், அங் மோ கியோ

ஐயா, அந்த வரிக்குப் பயப்படாதீர்கள். 2012 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கும் 'லெமன்' சட்டப்படி, வாங்கிய 6 மாதத்துக்குள் தெரியும் குறை, வாங்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர். முதலில் பழுதுபார்த்தோ மாற்றியோ தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால் விலைக் குறைப்போ பணமோ கேட்கலாம். மசியாவிட்டால் பயனீட்டாளர் சங்கம், அதற்கும் மேல் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை விசாரிப்பார்கள், வழக்கறிஞர் வேண்டாம். தூசி கொட்டுவதைப் படம் எடுத்து வையுங்கள். அதுவரை கேபினெட்டை ஓட்ட வேண்டாம், மோட்டாரை வேறு யாரும் கழற்றவும் விடாதீர்கள்.