கார்டிசால் ஏற்பி ஆன்டிபாடி: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலின் ஏற்பிக்கு (ஹார்மோனைப் பிடிக்கும் புரதம்) ஆன்டிபாடி வாங்க வேண்டும், அதாவது அந்தப் புரதத்தில் ஒட்டி அதைக் காட்டிக்கொடுப்பது. பெயரில் ‘ஜிஆர்’ என்று இருந்தால் போதுமா?

போதாது. கார்டிசாலைப் பிடிக்கும் குளுக்கோகார்டிகாய்டு ஏற்பியில் (அதன் சுருக்கம்தான் ஜிஆர்) ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு முக்கிய வடிவங்கள் உண்டு. ஆல்ஃபாவில் 777 அமினோ அமிலங்கள், பீட்டாவில் 742, முதல் 727 இரண்டிலும் அச்சு அசல் ஒன்றுதான். அதனால் முன்பகுதியைக் காட்டி உருவாக்கிய ஆன்டிபாடிக்கு இரண்டும் ஒன்றுதான், பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் வால் பகுதிக்கு உருவாக்கியது வேண்டும். டேட்டாஷீட்டில் இம்யூனோஜென் வரியை (ஆன்டிபாடியை உருவாக்கப் புரதத்தின் எந்தப் பகுதியைக் காட்டினார்கள் என்பது) முதலில் படியுங்கள், விலையை அப்புறம் பார்க்கலாம்.

வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் பார்க்கும் முறை) ஏற்பியின் எடை கணக்குப்படி 86 கிலோடால்டன், எனக்கு 95 பக்கத்தில் பேண்டு (கோடு) வருகிறது. கீழே இன்னும் இரண்டு மூன்று.

95 பக்கம் வருவது சரிதான், பயப்படாதீர்கள். கீழே இருப்பவைதான் வம்பு. ஒரே எம்ஆர்என்ஏவில் (புரதம் செய்வதற்கான மரபணு நகல்) வெவ்வேறு இடத்தில் மொழிபெயர்ப்பு தொடங்கிக் குட்டை வடிவங்கள் உண்மையிலேயே உருவாகின்றன. புரதம் சிதைந்ததாகவும் இருக்கலாம், ஆன்டிபாடி கண்டதில் ஒட்டியதாகவும் இருக்கலாம். புரோட்டியேஸ் இன்ஹிபிட்டரை (புரதம் சிதைவதைத் தடுப்பது) புதிதாகப் போட்டு, எல்லாவற்றையும் ஐஸ் மேலேயே வைத்துச் செய்யுங்கள். பக்கத்து லேனில் (ஜெல்லில் ஒரு மாதிரி ஓடும் பாதை) யு2ஓஎஸ் என்ற எலும்புப் புற்றுநோய் செல்லின் புரதத்தை ஓட்டுங்கள், அதில் இந்த ஏற்பி கிட்டத்தட்ட இல்லை. அங்கேயும் பேண்டு தெரிந்தால் அது உங்கள் ஏற்பி அல்ல. இந்த ஒரு லேனைச் சோம்பலில் விட்டுவிட்டு மூன்று மாதம் வேறு ஏதோ புரதத்தை அளந்துகொண்டிருந்தவன் நான்.

ஒளிரும் சாயத்தோடு ஆன்டிபாடி போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், ஹார்மோன் சேர்க்காத செல்லிலும் நியூக்ளியஸ் பளிச்சென்று ஒளிர்கிறது. ஆன்டிபாடி கெட்டதா?

மீடியத்தில் என்ன சீரம்? சாதாரணச் சீரத்திலேயே ஸ்டீராய்டு இருக்கிறது, நீங்கள் சேர்க்காவிட்டாலும் செல் குடித்துவிடும். கரியால் ஸ்டீராய்டு நீக்கிய சீரத்தில் ஒரு இரவு வையுங்கள். ஹார்மோன் இல்லாதபோது ஹெச்எஸ்பி90 போன்ற புரதங்கள் ஏற்பியைச் சைட்டோபிளாசத்தில் பிடித்து வைத்திருக்கும், 100 நானோமோலார் டெக்ஸாமெத்தசோன் (கார்டிசால் போன்ற செயற்கை ஸ்டீராய்டு) விட்டால் அரை மணியில் பெரும்பகுதி நியூக்ளியஸுக்குள் போய்விடும். அந்த நகர்வு தெரியாவிட்டால்தான் ஆன்டிபாடியைச் சந்தேகப்பட வேண்டும்.

மன அழுத்தத்தில் மூளை விடும் சிஆர்எஃப் ஹார்மோனின் ஏற்பி 1-க்கும் இதே வழிதானா?

அது செல் சவ்வில், மிகக் குறைந்த அளவில் உட்கார்ந்திருக்கும் ஜி-புரத ஏற்பி. அந்த வகைக்கு நம்பும்படியான ஆன்டிபாடி கிடைப்பது கஷ்டம். நாக்அவுட் திசுவில் (அந்த ஏற்பியின் மரபணுவை நீக்கியது) சோதித்த படத்தை விற்பவர் காட்டாவிட்டால் வாங்காதீர்கள், அதற்குப் பதில் எம்ஆர்என்ஏவை இன் சிட்டு முறையில் (திசுவில் அது இருக்கும் இடத்திலேயே கண்டறிவது) பாருங்கள்.