கிணற்று நீச்சலும் உப்புத் தண்ணீரும்: ட்ரையத்லான் கேள்வி பதில்

கேள்வி அனுப்பிய எல்லோருக்கும் வணக்கம். என்னைப் பற்றி இரண்டு வரி: வயது 44, கிண்டியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு. சில வருடங்களாக ட்ரையத்லான் செய்கிறேன், அதாவது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து ஒரே பந்தயத்தில். பரிசு மேடைப் பக்கம் போனதில்லை, போகும் உத்தேசமும் இல்லை. கோவாவில் நடக்கும் 70.3 என்ற அரை அயர்ன்மேன் பந்தயத்தைக் கெடுவுக்குள் முடிக்க வேண்டும், போன தடவையைவிடக் கொஞ்சம் சீக்கிரம் முடிக்க வேண்டும், அவ்வளவுதான் இலக்கு. நான் கோச்சும் இல்லை, டாக்டரும் இல்லை. பழகியவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

அக்கா, நான் கல்லூரி இறுதியாண்டு. நேராக ஃபுல் அயர்ன்மேன் போகலாமா? (திருச்சி)

போகலாம் தம்பி, யாரும் தடுக்கப் போவதில்லை. தூரங்களை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஸ்பிரின்ட் என்றால் நீச்சல் 750 மீட்டர், சைக்கிள் 20 கி.மீ., ஓட்டம் 5 கி.மீ. ஒலிம்பிக் தூரம் இதில் சரியாக இரண்டு மடங்கு. 70.3 என்பது 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம், மூன்றையும் மைலில் கூட்டினால் அந்த எண் வரும். ஃபுல் அதற்கும் இரட்டிப்பு: 3.8, 180, 42.2. கெடு 17 மணி நேரம்.

1978இல் ஹவாயின் ஓவாஹு தீவில் ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி அயர்ன்மேனைத் தொடங்கியதே ஒரு வாய்த்தகராறில்தான். நீந்துகிறவனா, சைக்கிள்காரனா, ஓடுகிறவனா, யாருக்கு உடம்பில் தெம்பு அதிகம் என்று பேச்சு வந்து, ஊரில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த மூன்று பந்தயங்களின் தூரத்தை ஒரே நாளில் கோத்துவிட்டார்கள். பதினைந்து பேர் கிளம்பினார்கள், பன்னிரண்டு பேர் முடித்தார்கள். அவர்களில் பலருக்கு ஸ்பிரின்டில் பழகிப் பார்க்கும் வசதி இல்லை. உங்களுக்கு இருக்கிறது. இந்த வருடம் ஸ்பிரின்ட், அடுத்த வருடம் ஒலிம்பிக். படிப்பையும் முடித்துவிடுங்கள்.

நாமக்கல் பக்கம் கிணற்றில் நீச்சல் கற்றவன். ஆழம் பயமில்லை. ஆனால் குளத்தில் 50 மீட்டர் போவதற்குள் மூச்சு வாங்குகிறது. என்ன கோளாறு?

இந்தக் கேள்வி வந்ததில் எனக்குத் தனி சந்தோஷம். முதுகில் கேனைக் கட்டி, மாமா மேலிருந்து தள்ளிவிட்டுக் கற்ற நீச்சல்தானே? அதில் பெரிய லாபம், தண்ணீரைக் கண்டால் பதறுவதில்லை. நகரத்தில் வயதான பிறகு கற்கிறவர்கள் அந்த நிதானத்துக்கே ஒரு வருடம் செலவழிக்கிறார்கள்.

கோளாறு தலையில் இருக்கிறது. கிணற்றில் தலையைத் தூக்கி, முகம் நனையாமல் நீந்திப் பழகியிருப்பீர்கள். தலை மேலே போனால் இடுப்பும் காலும் கீழே போகும். உடம்பு சாய்வாக நின்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிறது. எவ்வளவு உதைத்தாலும் முக்கால்வாசி பலம் வீண். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, தரையைப் பாருங்கள். இடுப்பு தானாக மேலே வரும்.

அடுத்தது மூச்சு. பெரும்பாலானவர்கள் முகம் உள்ளே இருக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள். வெளியே வரும் அந்த அரை நொடிக்குள் விடவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். நடக்காது. நெஞ்சில் கரியமில வாயு சேரச் சேரத்தான் அந்தத் திணறல் வருகிறது. காற்று போதவில்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். முகம் உள்ளே இருக்கும் நேரம் முழுவதும் மூக்கு வழியாகக் குமிழி விட்டுக்கொண்டே இருங்கள். தலையைத் திருப்பும்போது இழுக்கும் வேலை மட்டும் மிச்சம் இருக்க வேண்டும். குளத்தின் சுவரைப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் இதை மட்டும் செய்யுங்கள். பக்கத்தில் நீந்தும் சிறுவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

காலை ரொம்ப உதைக்காதீர்கள். அந்தக் கால் அப்புறம் சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் வேண்டும்.

கடலில் எப்படிப் பயிற்சி செய்வது? மெரினாவில் இறங்கலாமா?

கூடாது. சென்னைக் கடற்கரையில் பல இடங்களில் அலையின் இழுப்பு மோசம், ஆண்டுதோறும் உயிர்கள் போகின்றன. கோவளம் போன்ற இடத்தில், கடலைத் தெரிந்தவர்களோடு, குழுவாக, இடுப்பில் ஆரஞ்சு நிற மிதவையைக் கட்டிக்கொண்டு இறங்குங்கள். இறங்கும் முன் கரையில் இருக்கும் மீனவர் ஒருவரிடம் “அண்ணே, இன்னிக்குத் தண்ணி எப்படி?” என்று கேளுங்கள். அவர் “வேணாம்மா” என்றால் பையை மாட்டிக்கொண்டு டிபன் சாப்பிடப் போய்விடுங்கள். ஜெல்லி மீன், அவர்கள் சொறி என்பார்கள், அது வந்திருக்கிறதா என்பதும் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் நான் கடல் பக்கமே போவதில்லை.

தப்பித் தவறி உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் மாட்டினால் கரையை நோக்கி மல்லுக்கட்டக் கூடாது. கரைக்கு இணையாக நீந்தி, அந்த இழுப்பிலிருந்து விலகிய பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும்.

பந்தயத்தில் பலருக்குத் தெரியாத ஒரு சலுகை உண்டு. நடுவில் பதற்றம் வந்தால், காவலுக்கு நிற்கும் கயாக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கலாம். அதைக் கொண்டு முன்னே நகரக் கூடாது, அவ்வளவுதான். மல்லாந்து மிதக்கவும் செய்யலாம். இது தெரிந்திருந்தாலே பாதிப் பதற்றம் போய்விடும்.

ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு சைக்கிள் வாங்கினால்தான் ஆகுமா மேடம்? (கோவை)

வாங்காவிட்டால் ஆகாதென்று யார் சொன்னது? முதல் பந்தயத்துக்கு வீட்டில் இருக்கும் சாதாரண ஹைப்ரிட் சைக்கிள் போதும். பணம் செலவழித்தே தீர வேண்டும் என்றால் வரிசை இது: நல்ல ஹெல்மெட், நல்ல டயர், பேட் வைத்த ஷார்ட்ஸ், சைக்கிளை உங்கள் உடம்புக்கு ஏற்பச் சரிசெய்யும் ஃபிட்டிங். சைக்கிள் அதற்குப் பிறகு. வேகம் ஏற ஏற உங்கள் பலத்தைத் தின்பது காற்றுதான். அந்தக் காற்றில் பெரும்பகுதி மோதுவது சைக்கிளில் அல்ல, உங்கள் நெஞ்சில். குனிந்து வசதியாக இரண்டு மணி நேரம் உட்காரப் பழகுவது கார்பன் ஃபிரேமைவிட லாபம்.

சீட் உயரத்துக்கு ஒரு எளிய சோதனை: பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். ஓட்டும்போது முன்பாதம் பெடலில் இருக்கும், முட்டி லேசாக மடங்கும். பந்தயத்தில் ஒரு விஷயம்: ஸ்டாண்டிலிருந்து சைக்கிளை எடுக்கும் முன்பே ஹெல்மெட் பக்கிள் மாட்டியிருக்க வேண்டும். நீச்சல் முடித்த கையில் விரல் விறைத்துப்போய் அந்தப் பக்கிள் ஏறாது. வீட்டில் ஈரக் கையோடு மாட்டிப் பழகுங்கள்.

ஈசிஆரில் தனியாக ஓட்டலாமா?

நான் ஓட்டுவதில்லை. சனி விடியலில் திருவான்மியூரிலிருந்து குழுவாகக் கிளம்புவோம், பின் விளக்கு எரிய, ஒற்றை வரிசையில். மகாபலிபுரம் போய்த் திரும்பினால் 70.3க்குத் தேவையான நீண்ட ஓட்டம் கிட்டத்தட்ட வந்துவிடும். மார்கழி, தை மாதங்களில் திரும்பி வரும்போது வடகிழக்குக் காற்று முகத்தில் அறையும், அது இலவசப் பயிற்சி. நாய் துரத்தினால் வேகமெடுக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நடங்கள், அதற்கு ஆர்வம் போய்விடும். வாரநாளில் சைக்கிளை வீட்டுக்குள் நிறுத்திவைத்து ஓட்டும் டிரெய்னர் கருவிதான், ஃபேனைப் போட்டுக்கொண்டு.

தினமும் உயிரைக் கொடுத்து ஓடுகிறேன். ஆறு மாதமாக வேகம் ஒரு இஞ்ச் நகரவில்லை. (ஓசூர்)

உயிரைக் கொடுப்பதுதான் காரணம். உலகத் தரத்து வீரர்களின் பயிற்சியை அலசிய ஸ்டீஃபன் சைலர் போன்ற ஆய்வாளர்கள் கண்டது, அவர்கள் செய்வதில் சுமார் 80 சதவீதம் மிக எளிதான வேகம் என்பதை. மீதிதான் கடினம். நம்மவர்கள் எல்லா நாளும் நடுவாந்திரமாக ஓடுகிறோம். களைப்பு சேரும் அளவுக்கு வேகம், முன்னேறும் அளவுக்கு இல்லை.

கருவி எதுவும் வேண்டாம். ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவரிடம் வீட்டு விஷயத்தை முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? அதுதான் எளிய வேகம். முடியாவிட்டால் குறையுங்கள், நடக்க வேண்டி வந்தாலும் சரி. சென்னை மாதிரிப் புழுக்கத்தில் வியர்வை ஆவியாகாமல் வழிகிறது, உடம்பு குளிர்வதில்லை, அதே வேகத்துக்கு இதயம் அதிகம் துடிக்கும். ஓசூர்க்காரர் உங்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது. வாரத்தில் ஒரு நாள் மட்டும் நான்கு நிமிடம் கடுமையாக, இரண்டு நிமிடம் மெதுவாக என ஐந்து முறை ஓடுங்கள். மற்ற நாளெல்லாம் ஊர்க்கதை.

நீண்ட பயிற்சியில் என்ன சாப்பிடுவது? எனர்ஜி ஜெல் பாக்கெட் ஒன்று நூறு ரூபாய்க்கு மேல் ஆகிறது.

ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற பயிற்சிக்குத் தண்ணீர் போதும். அதற்கு மேல் போனால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து, பழகிய வயிறென்றால் 90 வரை. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கிறது. சைக்கிளில் சட்டைப் பையில் இரண்டு பழம், ஒரு கடலை மிட்டாய், போதும். ஓட்டத்தில் மென்று தின்பது கஷ்டம், அங்கே குடிப்பதுதான் சுலபம்.

என் பாட்டிலில் இருப்பது நம் வீட்டு எலுமிச்சைச் சாறுதான்: ஒரு லிட்டருக்கு 60 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு. சாதாரணச் சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். குடலில் இரண்டுக்கும் தனித்தனி வாசல், அதனால் ஒரே வாசலில் நெரிசல் இல்லை. விலை உயர்ந்த பானங்கள் செய்வதும் கிட்டத்தட்ட இதைத்தான். கால் டீஸ்பூன் உப்பில் ஏறத்தாழ 500 முதல் 600 மில்லிகிராம் சோடியம் கிடைக்கும். இளநீரை நம்பி உப்பை விட்டுவிடாதீர்கள். அதில் பொட்டாசியம் நிறைய, வியர்வையில் அதிகம் போகும் சோடியம் குறைவு. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு உப்பைத் தொடுங்கள்.

எவ்வளவு குடிப்பது என்பதற்கு ஒரு மணி நேரம் ஓடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒரு கிலோ என்பது ஒரு லிட்டர் வியர்வை. அதற்கு மேல் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். வாந்தி, குழப்பம், முற்றினால் வலிப்பு. தாகத்தைவிட அது ஆபத்து.

பந்தயக் காலை எனக்கு இட்லி, கொஞ்சம் சர்க்கரை தொட்டு. சாம்பார் கிடையாது. காரணத்தை விளக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

அக்கா, குளத்தில் பெண்களுக்கு என்று ஒதுக்கும் நேரம் காலை பத்து மணி. வேலைக்குப் போகிறவள் என்ன செய்வது? அப்புறம் எப்போதும் ஒரே அசதி.

பத்து மணிக்கு ஒதுக்குகிறவர்கள் பெண்கள் எல்லோரும் வீட்டிலேயே இருக்கிறார்கள் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. நாலைந்து பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் சில இடங்களில் காலை ஆறு மணிக்கு ஒரு லேன் தருகிறார்கள், எங்கள் பக்கம் அப்படித்தான் கிடைத்தது. உடைக்கு முழங்கால் வரை வரும் நீச்சல் டைட்ஸ் இருக்கிறது, நான் அதைத்தான் போடுகிறேன்.

அசதியை மனசு சம்பந்தப்பட்டதாக ஒதுக்கிவிடாதீர்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபினோடு, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். மாதவிடாய் தள்ளிப்போகிறதா, நின்றுவிட்டதா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். செலவழிக்கும் அளவுக்குச் சாப்பிடவில்லை என்பதற்கு அது முதல் அறிகுறியாக இருக்கலாம்.

வேலைப் பளுவில் பயிற்சி தவறினால் மறுநாள் சேர்த்துச் செய்ய வேண்டுமா?

வேண்டாம். போனது போனதுதான். எனக்குச் செப்டம்பர் மாதம் தணிக்கை அறிக்கைக் கெடு, கோவா பந்தயமோ அதற்கு அடுத்த ஒன்றிரண்டு மாதத்தில். அந்த மாதத்தோடு சண்டை போட்டுப் பயனில்லை என்று ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரைக்குள்ளேயே பெரிய வேலையை முடித்துவிடுகிறேன். நம் கோடையில் ஓடினால் இரண்டு வாரத்தில் உடம்பு வெயிலுக்குப் பழகுகிறது, வியர்வையில் உப்பு குறைகிறது. கோவா வெயிலுக்கு அது உதவும். செப்டம்பரில் நேரத்தைப் பாதியாகக் குறைத்து, வேகத்தை மட்டும் குறைக்காமல் வைத்தால் சில வாரங்களுக்கு உடம்பு தாங்கிக்கொள்ளும். ஐந்து மணி நேரம் தூங்கிவிட்டு நாலு மணிக்கு எழுந்து ஓடுவதைவிட அந்த ஓட்டத்தை விட்டுவிடுவது நல்லது. இந்த ஒன்றில் நான் பிடிவாதக்காரி.

வயது 61, ஓய்வுபெற்றவன். தொடங்கலாமா அம்மா?

தாராளமாக, ஐயா. அமெரிக்கக் கன்னியாஸ்திரி மடோனா பூடர் 2012இல் தமது 82 வயதில் ஃபுல் அயர்ன்மேனை முடித்தவர். அவர் ஓடத் தொடங்கியதே 48 வயதில். முதலில் இதய நிபுணரைப் பாருங்கள், அது சம்பிரதாயத்துக்கு அல்ல. ட்ரையத்லானில் நேரும் மரணங்களில் பெரும்பங்கு நீச்சலின்போதுதான். வாரம் இரண்டு நாள் பளு தூக்குங்கள், உங்கள் வயதில் ஓட்டத்தைவிட அது முக்கியம்.

என் கணவர் ட்ரையத்லான்காரர். நாலு மணிக்கு அலாரம், ஞாயிறு மதியம் பூரா தூக்கம், பேச்செல்லாம் பெடல் மிதிக்கும் பலத்தை அளக்கும் வாட்ஸ் பற்றித்தான். என்ன செய்ய?

நான் உங்கள் கட்சி. ஞாயிறு நீண்ட சைக்கிள் ஓட்டத்தைச் சனிக்கு மாற்றச் சொல்லுங்கள், ஞாயிறு காலை ஒரு மணி நேர ஓட்டம் போதும். முடித்துவிட்டு வரும் வழியில் காய்கறி வாங்கி வரட்டும். அலாரம் வைப்ரேஷனில், அவர் கைக்கடிகாரத்தில். பந்தயத்துக்குக் கட்டும் பணத்துக்கு நிகராக வீட்டுக்கு ஒரு பயணம். என் கணவர் இந்த விதிகளை எனக்கு எழுதித் தந்தார், அவற்றைத்தான் உங்களுக்குத் தருகிறேன்.

கடைசியாக: மூன்றுக்கும் ஒரே உடையான ட்ரைசூட் எந்த நிறத்தில் வாங்கலாம்?

கறுப்பு. வெள்ளை நனைந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அப்புறம் சங்கிலிக் கிரீஸ் வேறு.