கோழிக்குச் சொட்டு மருந்து உண்டு, பட்டுப்புழுவுக்கு ஏன் இல்லை?

கேள்வி: ஐயா, கடையம் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறேன். இந்த முறை 150 முட்டைத் தொகுதி எடுத்திருந்தேன். கூடு கட்டுவதற்கு முந்தைய கடைசிப் பருவமான ஐந்தாம் பருவத்தின் நான்காம் நாள் புழுக்கள் மஞ்சளாக ஊதி, இலை தின்னாமல் படுக்கை ஓரத்திலேயே ஊர்ந்து திரிந்து, தொட்டால் பால்போல் வடிந்து செத்தன. பாதிக்கு மேல் போய்விட்டது. செத்ததையெல்லாம் கோழிக்குத்தான் போட்டேன். அந்த நாட்டுக்கோழிகளுக்குக் குஞ்சிலேயே கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால், ஊரெல்லாம் வெள்ளைக்கழிச்சல் வந்தபோதும் ஒன்றுகூடச் சாகவில்லை. புழுவுக்கும் தடுப்பூசி மாதிரி என்று கடைக்காரர் ஒரு டானிக் தந்தார். இலையில் தெளித்தும் பலனில்லை. அளவு குறைந்துவிட்டதா, வேறு கம்பெனி சரக்கு வாங்கவா?

பதில்: அண்ணாச்சி, அளவும் குறையவில்லை, கம்பெனியை மாற்றவும் வேண்டாம். உங்கள் புழுக்களுக்கு வந்தது பால்புழு நோய். அது வைரஸால் வருவது. எந்தக் கம்பெனி அடைத்துத் தந்தாலும், கோழிக்குச் சொட்டு மருந்து செய்கிற வேலையைப் புழுவின் உடலில் செய்யக்கூடிய டானிக் கிடையாது. அந்த வேலைக்கு வேண்டிய உறுப்பே புழுவுக்கு இல்லை.

அடுத்த முறை இளங்கோழி ஒன்றை அறுக்கும்போது எச்சத்துவாரத்துக்கு மேற்புறம் கவனித்துப் பாருங்கள். சிறு திராட்சை அளவில் ஒரு பை இருக்கும். பல நூற்றாண்டுகளாக எதற்கென்றே தெரியாமல் கிடந்த அந்தப் பையை நீக்கிய கோழிகளுக்கு நோய்க்கிருமியைச் செலுத்தினாலும் எதிர்ப்புப் புரதம் உண்டாவதில்லை என்பதை 1956-இல் புரூஸ் கிளிக் என்ற ஆய்வாளர் ஏறக்குறையத் தற்செயலாகவே கண்டுபிடித்தார். ஒரு கிருமியின் அங்க அடையாளத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கென்றே புரதம் வார்த்து, மறுமுறை அது வரும்போது நினைவாக எதிர்க்கிற அணுக்கள் அங்கேதான் பயிற்சி பெறுகின்றன. கண்ணில் விட்ட சொட்டு அந்த அணுக்களுக்குக் காட்டிய மாதிரி உருவம், அவ்வளவுதான். கம்போரோ என்னும் வைரஸ் நோய் கண்ட குஞ்சுகளுக்கு மற்றத் தடுப்பூசிகள் சரியாகப் பிடிக்காததற்குக் காரணமும், அந்நோய் இந்தப் பையையே அழித்துவிடுவதுதான்.

இந்த நினைவாற்றல் தாடையுள்ள முதுகெலும்பிகளுக்குச் சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முன் வாய்த்தது. மரபணுவில் இடம்விட்டு இடம் தாவும் ஒரு துண்டு நம் பழைய மூதாதையின் உடலில் வந்து ஒட்டிக்கொண்டு, புரத அச்சுகளை வெட்டி மாற்றி ஒட்டுகிற கத்தரிக்கோலாகப் பழகிவிட்டது என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கிற விளக்கம். அந்தத் துண்டின் உறவு ஒன்று ஆம்பியாக்சஸ் என்னும் முதுகெலும்பில்லாச் சிறு கடலுயிரியில் இன்னும் தாவிக்கொண்டிருப்பதை 2016-இல் கண்டார்கள். தாடையில்லாத லாம்ப்ரே மீன் இதே வேலைக்கு வேறொரு புரதத்தை வைத்துக்கொண்டது. பூச்சி, இறால், சிப்பி வகைகளுக்கு இந்த இரண்டு வழியும் இல்லை. இருபத்தைந்து நாள் வாழும் புழுவுக்கு நினைவு எதற்கு என்று சிலர் சொல்வார்கள்; ஐஸ்லாந்துக் கடலில் 500 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த சிப்பிக்கும் எதிர்ப்புப் புரதம் இல்லை என்பதால், அந்த விளக்கத்தில் எனக்குத் திருப்தியில்லை.

அதற்காகப் புழு கையாலாகாதது என்று எண்ணிவிடாதீர்கள். ஊஜி ஈ முட்டை வைத்த புழுவில் புள்ளியாகக் கருந்தழும்பு விழுவதைப் பார்த்திருப்பீர்கள். ஈயின் குட்டிப்புழு துளைத்த இடத்தைப் பட்டுப்புழுவின் இரத்தம் கறுப்பாக உறைந்து அடைக்க முயன்ற தடம் அது. அந்தக் கறுப்பாக்கும் வினையைத் தூண்டிவிடுகிற, பாக்டீரியாவின் சுவரை அடையாளம் காணும் புரதத்தை 1996-இல் ஜப்பானியர் முதன்முதலில் பிரித்தெடுத்தது பட்டுப்புழுவின் இரத்தத்திலிருந்துதான். அதற்கு முன்பே, 1981-இல், சுவீடனின் ஹான்ஸ் போமன் குழுவினர் செக்ரோபியா என்ற காட்டுப் பட்டுப்பூச்சியின் கூட்டுப்புழுவிலிருந்து பாக்டீரியாவைக் கொல்லும் சிறு புரதங்களைக் கண்டெடுத்திருந்தார்கள். பழ ஈயைக் காளானிடமிருந்து காக்கும் டோல் என்ற மரபணுவின் உறவுகளே கோழிக்கும் நமக்கும் முதற்காவலாக நிற்கின்றன. பழைய காவலை முதுகெலும்பிகள் கைவிடவில்லை, அதன்மேல் புதிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டன. புழுவிடம் இருப்பது பழையது மட்டுமே. அதுவும் மேல்காற்று நின்று புழு வளர்ப்பு மனைக்குள் புழுக்கம் ஏறுகிற நாட்களில் தளர்ந்துவிடும்.

தேனீக்குத் தடுப்பூசி வந்துவிட்டதே என்று கடைக்காரர் எதிர்க்கேள்வி கேட்கக்கூடும். அமெரிக்காவில் ஒன்றுக்கு நிபந்தனையோடு அனுமதி கிடைத்ததாக 2023-இல் அறிவித்தது உண்மை. கொன்ற பாக்டீரியாவை ராணித்தேனீக்கு உணவு வழியாகச் சேர்ப்பித்தால், அதன் துணுக்குகள் முட்டைக்குள் போய்க் குஞ்சுகளின் பழைய காவலைச் சற்று முன்கூட்டியே எழுப்பி வைக்கின்றன. அது ஒரு பாக்டீரியாவுக்கானது, தாய்க்குக் கொடுப்பது, அரசு சோதித்து அனுமதித்தது. உங்களிடம் விற்றது வைரஸ் நோய்க்கு, ஐந்தாம் பருவத்தில், இலைமேல் தெளிக்க. வெல்லமும் வைட்டமினும் கலந்த தண்ணீரின்மேல் தடுப்பூசி என்ற பெயரைச் சொல்லி விற்பவரை வியாபாரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படி ஒரு புட்டியை நம்பி, சொந்த மனையில் ஒரு தொகுதி முழுவதையும் குழிதோண்டிப் புதைத்தவன்.

இனி, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன். செத்த புழுவைக் கோழிக்குப் போட்டீர்கள். இந்த வைரஸ் புரதப் படிகக் கூட்டுக்குள் ஒடுங்கியிருக்கும். காரத்தில் மட்டுமே அந்தக் கூடு கரையும். புழுவின் குடல் கடுங்காரம் என்பதால் உள்ளே போனதும் உடைந்து வைரஸ் வெளிவருகிறது. பறவையின் இரைப்பை அமிலமானது. ஆகவே படிகம் கரையாமல் எச்சத்தோடு வீரியம் குன்றாமல் வெளியே வருகிறது. கோழிக்கு ஒரு தீங்கும் இல்லை. ஆனால் அந்தக் கோழிகள் மனையின் வாசலிலும் மல்பெரி வரிசைகளுக்குள்ளும் நாள் முழுவதும் கிளறித் திரிகின்றன. மண்ணிலும் தூசியிலும் அது ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அடுத்த முறைக்கான விதையை நீங்களே தூவியிருக்கிறீர்கள்.

காரத்தில் கரைவதுதான் அதன் பலவீனமும். எனவேதான் சுண்ணாம்பைப் பற்றி எங்கு போனாலும் சலிக்காமல் பேசுகிறேன். 100 லிட்டர் தண்ணீருக்கு 2 கிலோ பிளீச்சிங் பவுடரும் 300 கிராம் நீற்றிய சுண்ணாம்பும் கலந்து, கூடு அறுவடை முடிந்த கையோடு ஒருமுறையும், அடுத்த புழுக்களை மனைக்குள் இறக்குவதற்கு மூன்று நாள் முன் மறுமுறையும், சுவர், தரை, அடுக்கு, புழு கூடு கட்டும் நெட்ரிகா வலை எல்லாம் சொட்டச் சொட்ட நனையும்படி அடிக்க வேண்டும். சுண்ணாம்பு சேர்க்காத பிளீச்சிங் பவுடர் அரை வேலைதான் செய்யும். கடையில் வாய் திறந்து கிடந்த மூட்டையிலிருந்து அள்ளித் தருகிற பவுடரில் குளோரின் என்றோ பறந்திருக்கும். சீல் உடைக்காத பையாகக் கேட்டு வாங்குங்கள். ஊதிய புழுவைக் கண்டதும் கையால் நசுக்காமல் எடுத்து, இதே கரைசல் வைத்த சட்டியில் போட்டு, பிறகு ஆழப் புதையுங்கள்.

முட்டை விஷயத்திலும் ஒன்று உண்டு. பிரான்சில் பட்டுப்புழுக்கள், தாய்ப்பூச்சியிடமிருந்து முட்டை வழியாகவும் தொற்றும் பெப்ரின் நோயால் மடிந்தபோது, 1865-இல் லூயி பாஸ்டரை அங்கே அனுப்பினார்கள். அதுவரை பட்டுக்கூட்டைக் கையில்கூட எடுத்திராத மனிதர் அவர். முட்டையிட்ட தாய்ப்பூச்சியை உரலில் அரைத்து நுண்ணோக்கியில் பார்த்து, நோய்த்துகள் தென்பட்டால் அதன் முட்டைகளை அழித்துவிடுவது என்ற முறையை அவர் வகுத்தார். இன்றும் அரசு முட்டை உற்பத்தி நிலையங்களில் தாய்ப்பூச்சிச் சோதனை நடக்கிறது. அதே பாஸ்டர்தான் 1879-80-இல் கோழிக் காலராவுக்கு வீரியம் குறைந்த கிருமியைக் கொண்டு தடுப்பூசி கண்டவர். கோழிக்கு ஊசி, புழுவுக்குச் சோதித்த முட்டை என்று, காரணம் தெரியாத காலத்திலேயே அவர் கை இரண்டு வழியில் போயிருக்கிறது. விலை குறைவு என்று சோதனைச் சீட்டு இல்லாத முட்டையையோ, யாரிடமிருந்து வந்தது என்று தெரியாத சாக்கிப் புழுவையோ (வேறிடத்தில் வளர்த்து விற்கும் இளம்புழு) ஏற்காதீர்கள்.

அடுத்த தொகுதிக்கு முன்பணம் கட்டியிருந்தாலும் இரண்டு வாரம் தள்ளி வையுங்கள். கோழிகளை மனையிலிருந்தும் மல்பெரியிலிருந்தும் வலைகட்டித் தடுத்துவிடுங்கள். அவற்றிற்குக் குஞ்சில் விட்ட சொட்டு ஆயுளுக்குப் போதாது. வெள்ளைக்கழிச்சலுக்கு எதிராக எட்டாம் வாரத்தில் போடும் ஆர்2பி ஊசியைப் போட்டீர்களா என்று எழுதவில்லை. போடவில்லையென்றால் இந்த வாரமே கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.